முதல் கிளாஸ் கிஸ்லேனுக்கு

கிஸ்லேனுக்கு வாசனை தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒயின் ருசி பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கு மூக்கு செத்துவிட்டது என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? வெளியே தெரிந்த அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நான் அவளுடைய பஸ் டிரைவர், ரெஜிஸ். பிரான்ஸில் லியோன் நகரத்துப் பெல்கூர் சதுக்கத்தில் காலையில் ஆட்களை ஏற்றி, வடக்கே போஜொலே குன்றுகளில் மூன்று நிலவறைகளில் ருசி பார்க்க வைத்து, சாயங்காலம் ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவதுதான் எங்கள் பிழைப்பு.

அவள் திராட்சைக் குடும்பத்துப் பெண் இல்லை. அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். ஓட்டல் வரவேற்பில் நின்று, ஒரு சர்வரைக் கட்டி, அவனோடு சரிப்படாமல் விலகி, முப்பது வயதுக்கு மேல்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகு பார்க்க வேண்டுமே. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் போதும், இது குன்றின் எந்தப் பக்கத்துப் பழம், எந்த வருடம் மழை கெடுத்தது, எல்லாம் சொல்வாள். பேச்சில் வாய் ஓயாது. ருசி பார்க்கும் நேரத்தில் யாராவது போனை நோண்டினால், விருந்தாளி என்றும் பார்க்காமல் வெளுத்து வாங்குவாள். பொய் மட்டும் வராது. பிடிக்காத ஒயினைப் பிடிக்கும் என்று சொல்லச் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

ஒருநாள் காலையில் விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் பஸ்ஸுக்குள் வந்து, கழுத்துத் துணியை என் முகத்தில் திணித்து, நாறுகிறதா என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் கிண்டல் இல்லை என்று தெரிந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினாள். கேஸ் கசிந்தால் தெரியாதே என்று அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சார அடுப்பு வாங்கியிருக்கிறாள். பாலை வாங்கிய மறுநாளே கொட்டிவிடுகிறாள். சட்டையை இரண்டு தடவை துவைக்கிறாள். ராத்திரி எங்கேயோ எதுவோ கருகுவது போலத் தோன்றி, எழுந்து ஒவ்வொரு அறையாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாளாம். தனியாக இருக்கிற பெண். யாரைக் கேட்பாள்?

வீட்டுக் கதை இப்படி என்றால், வேலையில் அதைவிடப் பெரிய கண்டம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர் புதுப் பாட்டிலைத் திறந்ததும் முதல் கிளாஸ் வழிகாட்டிக்குத்தான். அவர் முகர்ந்து தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். மரியாதைக்காக மட்டும் இல்லை. சில கார்க்குகளில் ஒரு பூஞ்சை இருக்கும். அது பிடித்த பாட்டில் நனைந்த பழைய பேப்பர் மாதிரி நாறும். குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தத் தோட்டத்தின் மானம் போய்விடும். வழிகாட்டி அதைச் சத்தமில்லாமல், ருசி பார்த்ததைத் துப்ப வைத்திருக்கும் வாளியில் கவிழ்த்துவிடுவார், தோட்டக்காரர் வேறு பாட்டில் எடுப்பார். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

அதற்கு நாங்கள் ஒரு தந்திரம் செய்தோம். கிளாஸை வாங்கியதும் அவள் என்னிடம் நீட்டி, “ரெஜிஸ், வெளிச்சத்துல நெறத்தப் பாரு” என்பாள். நான் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இறக்கும்போது மூக்கைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். வலது கையால் கொடுத்தால் நல்லது. இடது கையால் கொடுத்தால் வாளி. டிரைவருக்கும் ஒரு பங்கு கொடுக்கிறாள் பாருங்கள் என்று விருந்தாளிகள் சிரிப்பார்கள். தோட்டக்காரர்களும் இது எங்கள் விளையாட்டு என்று விட்டுவிட்டார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி கை மாறியது. வாங்கியவன் ஒரேலியான் என்ற இளைஞன். இதற்கு முன்னால் ஓட்டல் அறைகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தான். கழுத்தை இறுக்கும் சட்டை, மெல்லிய பேச்சு. குளிர்காலத்துக்கு ஒரு வழிகாட்டி போதும் என்றான். கிஸ்லேனா, லோயிக் என்கிற சின்னப் பையனா, கூடவே வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றான். லோயிக்குக்குப் பனிச்சறுக்கு மலைகளில் எப்போதும் வேலை கிடைக்கும். கிஸ்லேனுக்கு இதை விட்டால் போக்கிடம் இல்லை. இந்த வயதில் ஓட்டல் வரவேற்பில் யார் நிற்க வைப்பார்கள்?

அவன் வருகிற நாளுக்கு முந்தின நாள் நான் மழையில் நின்று டயர் மாற்றினேன். காலையில் எழுந்தால் மூக்கு அடைத்துக் கிடக்கிறது. காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெல்கூரில் அவளிடம் சொன்னபோது என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

“ஒண்ணுமே தெரியலையா?” என்றாள்.

“சாக்கடைய மூஞ்சிக்கு நேரா வச்சாலும் தெரியாது.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். உதட்டில் ரத்தம் இல்லை. அதற்குள் ஒரேலியான் குடையோடு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் கை கொடுத்தான். அவள் கை பனிக்கட்டியாக இருந்ததாம், குளிருகிறதா மேடம் என்று கேட்டான்.

அன்றைக்கு வந்த விருந்தாளிகள் பெல்ஜியத்துப் பல் டாக்டர் தம்பதி, கனடாவிலிருந்து இரண்டு அக்கா தங்கைகள், நார்வேக்காரர் ஒருவர். நல்ல மனிதர்கள். முதல் இடத்தில் பீப்பாயிலிருந்தே ஊற்றினார்கள். கார்க் இல்லை, கண்டமும் இல்லை. இரண்டாவது இடத்தில் திருகு மூடி. கிஸ்லேன் வழக்கம்போல மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினாள். ஆனால் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தாள். ஒரேலியான் ஓரமாக நின்று கவனித்துக்கொண்டே இருந்தான். மத்தியானச் சாப்பாட்டில் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள், வாயில் போடவில்லை. நான் கழிவறைக்குப் போய் உப்புத் தண்ணீரை மூக்கில் ஏற்றினேன். கண்தான் எரிந்தது.

மூன்றாவது இடம் ஜோசெத்தின் நிலவறை, ஃப்ளூரி கிராமத்துக்கு மேலே. ஜோசெத் கணவர் போன பிறகு தனியாளாகத் தோட்டத்தை நடத்துகிறவள். சிரிக்கமாட்டாள், கோபத்தை மறைக்கவும் மாட்டாள். ஏழெட்டு வருடங்களுக்கு முந்தின பாட்டில்களையும் வைத்திருந்து ஊற்றுவாள். எல்லாம் கார்க். படியில் இறங்கிக்கொண்டே, கடவுளே, இன்றைக்கு ஒரு நாள் நல்ல பாட்டிலாக வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோயில் பக்கம் போய் வருடக்கணக்கான ஆள் நான்.

ஜோசெத் கார்க்கை உருவினாள். முதல் கிளாஸை ஊற்றி கிஸ்லேன் முன்னால் வைத்துவிட்டு, தொத்திறைச்சி நறுக்கத் திரும்பினாள். கிஸ்லேன் கிளாஸை எடுத்துச் சுழற்றினாள். பழக்கத்தில் என் பக்கம் கை நீண்டது, பாதியில் நின்றது. ஒரேலியான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகர்ந்தாள். எதை முகர்வது? கண்ணாடியைத்தான். பிறகு தலையாட்டினாள்.

ஜோசெத் வந்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, மறுபடியும் நறுக்கப் போனாள். பல் டாக்டர் குடித்துவிட்டு, மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, பழைய ஒயின் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று மெதுவாகச் சொன்னார். நார்வேக்காரர் ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தை வாளியில் கொட்டினார். அக்கா தங்கைகளும் கொட்டினார்கள். ஒரேலியான் மட்டும் கிளாஸைச் சுழற்றி, ஈரமான காட்டின் வாசனை, அருமை என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. கிஸ்லேனுக்கும் புரிந்துவிட்டது.

ஜோசெத் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கடைசியாகத் தன் கிளாஸைக் குடித்தாள். குடித்ததும் அவள் முகம் கல்லாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி வழிகாட்டி தலையாட்டிய பாட்டிலைத் தோட்டக்காரர் விருந்தாளிகள் முன்னால் குறை சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை. கிஸ்லேனை மட்டும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, எனக்கும் கேட்கிற மாதிரி அடிக்குரலில் கேட்டாள்.

“இத்தன வருஷமா எங்க ஒயினுக்குத் தலையாட்டுனியே, எல்லாம் இப்படித்தானா?”

நான் மனதுக்குள் கத்தினேன். வாயைத் திறக்காதே, பெண்ணே. முதலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை, காடு மேடு என்று உளறிக்கொண்டிருக்கிறான். ஜோசெத்திடம் அப்புறம் காலில் விழுந்துகொள்ளலாம். இந்த ஒரு மணி நேரம் தாண்டினால் குளிர்காலம் உன்னுடையது.

அப்போது பல் டாக்டரின் மனைவி கோட்டைப் போட்டுக்கொண்டே, இங்கே எதுவும் வாங்க வேண்டாம் அல்லவா என்று கணவரிடம் கேட்டார். ஜோசெத் காதிலும் அது விழுந்தது.

கிஸ்லேன் எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“கொஞ்சம் உக்காருங்க எல்லாரும். நீங்க குடிச்சது ஜோசெத்தோட ஒயின் இல்ல. கார்க் கெட்டுப்போன பாட்டில். நான்தான் தடுத்திருக்கணும், தடுக்கல. எனக்கு வாசனை தெரியாது. ரெண்டு வருஷமாச்சு.”

நான் ஒரேலியானைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. என் வேலையும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஜோசெத் போய் இன்னொரு பாட்டில் எடுத்து வந்தாள். திறந்தாள். ஊற்றினாள். இப்போது அந்த முதல் கிளாஸை யாருக்குக் கொடுப்பது? ஒரு கணம் யோசித்துவிட்டு, கம்பெனி முதலாளி என்கிற முறையில் ஒரேலியான் முன்னால் வைத்தாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கிளாஸை எடுத்தான், முகர்ந்தான், தலையாட்டவில்லை. திரும்பவும் முகர்ந்தான். கிளாஸுக்குள் ஒயின் அலையடித்தது. அந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனே.

“எனக்குத் தெரியல மேடம்,” என்றான். ஜோசெத்திடம் இல்லை, கிஸ்லேனிடம். “மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எதத் தேடணும்னே தெரியாது. எப்பவும் தெரிஞ்சதில்ல. யாராவது கேட்டுருவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.”

பாவம், சட்டைக் காலருக்கு மேலே கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. கிஸ்லேன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய பழைய அதட்டல் குரல் வந்தது.

“அந்தக் கெட்ட கிளாஸையும் பக்கத்துல வைங்க. இதை ஒரு தடவ, அதை ஒரு தடவ மோந்து பாருங்க. அவசரப்படாதீங்க. எல்லாருந்தான், போனை உள்ள வச்சுட்டு வாங்க.”

வந்தார்கள். கோட்டுப் போட்ட அம்மாவும் கோட்டோடு வந்தார். ஒவ்வொருவராக முகர்ந்தார்கள். இதில் நனைந்த பேப்பர், ஆமாம் ஆமாம் என்றார் பல் டாக்டர். இரண்டாவதில் என்ன என்று கிஸ்லேன் கேட்டாள். பழம் என்றார்கள். என்ன பழம் என்றாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரேலியான்தான் கிளாஸைக் கீழே வைக்காமல் நின்றான். தன் அம்மா செர்ரிப் பழத்தை ஜாமுக்குக் கொதிக்க வைக்கும்போது சமையலறையில் வருமே, அது என்றான்.

“சர்க்கரை போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவன் இன்னொரு தடவை முகர்ந்தான். “முன்னாடி.”

கிஸ்லேன் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வருடமாக நான் கையால்தான் சொல்லியிருக்கிறேன், நல்லது கெட்டது என்று. இப்படி ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. ஜோசெத் தான் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து அவளிடம் நீட்டினாள். அன்றைக்கு எல்லோரும் பாட்டில் வாங்கினார்கள்.

திரும்பும் வழி நெடுக ஒரேலியான் சோன் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தான். பெல்கூரில் எல்லோரும் இறங்கிய பிறகு, குளிர்காலத்துக்கு நீங்களே இருங்கள் மேடம், லோயிக்கிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். ஆனால் ஒரு நிபந்தனை: இனிமேல் தினமும் பஸ் கிளம்புவதற்கு முன்னால் தனக்கு வாசனை தெரியாது என்பதை அவளே விருந்தாளிகளிடம் சொல்லிவிட வேண்டும்.

“தினமுமா?” என்றாள். “அதுக்கு இன்னும் பயமா இருக்கே.”

“எனக்கும்தான். நானும் கூட வர்றேன்.”

மறுநாள் காலையில் பஸ் நிறைந்திருந்தது. ஒரேலியான் முன் சீட்டில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கிஸ்லேன் மைக்கை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஜோசெத்தின் படியில் இறங்கியபோது இருந்த அதே முகம். சாவியைத் திருக எனக்குக் கை வரவில்லை.

“வணக்கம். என் பேரு கிஸ்லேன். ஒயின் பத்தி எல்லாம் சொல்லுவேன். ஆனா எனக்கு வாசனை தெரியாது.”

யாராவது எழுந்து பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசி சீட்டிலிருந்து ஒரு வயதானவர், அப்படியென்றால் என்ன வாசனை என்று நாங்களா உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

“ஆமா,” என்றாள் கிஸ்லேன். குரல் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. “ஒழுங்கா சொல்லணும். எனக்கு உங்கள விட்டா வேற வழியில்ல.”