சூசை செய்யாத பாவம்

நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் நேர்மையான ஒரு மனிதரை ஊரைவிட்டே துரத்தினேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நீங்கள் என்னை வெறுக்கலாம். அது உங்கள் உரிமை. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு வெறுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவர் விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கரில் நானே பயிர் வைக்கிறேன். மாதா கோயிலில் என் முறை வரும்போது பூசையில் வேத வாசகம் வாசிப்பேன். 'டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பார்கள் ஊரில். அந்த நம்பிக்கையைத்தான் நான் ஆயுதமாக்கினேன்!

எங்கள் வாய்க்காலின் குறுக்கே ஒரு சிறு மதகு உண்டு. பலகைகளை இறக்கினால் மேட்டு வயல்களில் நீர் தேங்கும். தூக்கினால் பள்ளத்து வயல்களுக்குப் பாயும். அதைப் பார்த்துக்கொள்ள ஊர் அமர்த்தியிருந்தவர் சூசை. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். வேளாங்கண்ணிக்கு நடந்துபோய், மாதா முன்னால் சத்தியம் செய்து, குடியை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு... கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. நான்கு நாளாக விடாத மழை. மேட்டில் என் சம்பாப் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பள்ளத்திலோ பிந்திய நடவு. நாற்று இன்னும் வேர்கூடப் பிடிக்கவில்லை. அதைக் காப்பாற்றத்தான் சூசை பலகைகளை இறக்கிவிட்டுப் பூசைக்குப் போயிருந்தார்.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்!

பூசைக்குக் கட்டிய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகில் இறங்கினேன். பலகைகளைத் தூக்கினேன். அரை மணி நேரம் வடியட்டும், பிறகு இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். இறக்கப் போனபோது நீரின் வேகம் பலகைகளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. கோயில் மணி அடித்தது. அன்று வாசகம் என் முறை.

போனேன். விழித்திருக்கச் சொல்லும் வாசகத்தை ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன். மூன்றாவது வரிசையில் சூசை உட்கார்ந்திருந்தார். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் ஓடிப்போய் ஏதாவது செய்திருப்பார்... நான் போடவில்லை. ஏன்? இன்றும் என்னையே கேட்கிறேன். பயமா? இல்லை. என் பயிர் இன்னும் கொஞ்சம் வடியட்டும் என்ற ஆசை! வேறொன்றும் இல்லை.

பூசை முடிந்து போய்ப் பார்த்தால் பள்ளத்தில் வயலே இல்லை, ஏரிதான் இருந்தது.

பிற்பகலில் கோயில் முன்னால் ஊர் கூடியது. "குடிச்சிட்டுப் பலகையச் சரியா இறக்கல, அதான் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கு" என்றார் நாற்றைப் பறிகொடுத்த ஒருவர்.

"மாதா சத்தியமா இறக்கினேங்க!" என்றார் சூசை. பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க மதகு வழியாத்தானே வந்தீங்க? பலகை இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கவனிக்கலையே" என்றேன்.

அவ்வளவுதான். வேலை போயிற்று. குடிக்காதவரைக் குடிகாரர் என்றார்கள். சில மாதங்களில் மறுபடி குடிக்கத் தொடங்கி, அவர் அந்தப் பெயருக்கே உரியவராகிவிட்டார். அடுத்த நடவுக்குள் மனைவியோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். என் பயிரோ நன்றாகவே விளைந்தது...

ஒவ்வொரு திருவருகைக்காலத்திலும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். 'பொய் சொன்னேன் சாமி' என்பேன். அதற்குமேல் வாய் திறக்க மாட்டேன். எந்தச் சாமியாரும் அதற்குமேல் கேட்டதில்லை. இந்த ஆண்டு புதிதாக வந்தவர் கேட்டார்: "யாரைப் பத்தி அம்மா அந்தப் பொய்?"

சொன்னேன். முதன்முறையாக முழுவதும் சொன்னேன். பிறகு, "கடவுள் மன்னிப்பாரும்மா. ஆனா அந்த மனுசர்கிட்டேருந்து எடுத்த நல்ல பேரை நீங்கதான் திருப்பிக் கொடுக்கணும்" என்றார்.

விசாரித்துக்கொண்டு போனேன். பூம்புகார்ப் பக்கம், மீன் இறங்கும் இடத்தில் சூசை ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். "வாங்க டீச்சர்" என்று எனக்காக ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவே போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"அப்ப... நான் பலகையைச் சரியாத்தான் இறக்கினேனா?" என்று கேட்டார்.

"ஆமாம், சூசை."

"டீச்சரே பார்க்கலைன்னு சொல்றாங்களே, அப்ப நாமதான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டோம்னு நினைச்சுட்டேன். வருசா வருசம் இதைத்தான் சாமிகிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றேன்."

கேட்டீர்களா? என் பாவத்துக்கு அவர் ஒன்பது ஆண்டுகள் மனம் வருந்தியிருக்கிறார்! தன் கையையே, தன் நினைவையே நம்பாமல் வாழ்ந்திருக்கிறார்!

"ஊருல சொல்லுங்க டீச்சர். எனக்கு அது போதும்" என்றார்.

திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. ஒன்றையும் மறைக்கவில்லை. ஊர் என்ன செய்தது தெரியுமா? வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. யாரு இப்படிச் சொல்லுவா?" என்றார்கள். அன்று நாற்றைப் பறிகொடுத்தவர்கூட, "விடுங்க, பழைய கதை" என்று சிரித்தார். குற்றத்தைச் சொன்னேன், மரியாதை கூடியது! சூசைக்கு வரவேண்டியதும் எனக்கே வந்து சேர்ந்தது.

"சூசையைத் திரும்ப அழைச்சிட்டு வர என்னோட யார் வர்றீங்க?" என்று கேட்டேன். எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

மறுநாள் காலை சூசைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சொல்லிட்டேன், சூசை. எல்லார் முன்னாலயும்."

"யாராச்சும் என்னைப் பத்திக் கேட்டாங்களா டீச்சர்?"

ஒரு சொல் போதும், அவர் மனம் குளிர்ந்திருக்கும்... எனக்குத்தான் பொய் கைவந்த கலையாயிற்றே! ஆனால் இனி அவரிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"இல்லை" என்றேன்.

மறுமுனையில் அவர் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க டீச்சர், லாரி வந்துடுச்சு" என்று வைத்துவிட்டார்.