என் மகன் குவாட்டர்பேக்காக இருந்த பதினைந்து மாதங்கள்

நான் சந்தேகக்காரிதான். அதை ஒளிக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. பால் வாங்கினால் திகதியை இரண்டு தரம் பார்ப்பேன். ரெலிபோன் அடித்து எடுக்கும்போது மற்றப் பக்கத்தில் ஆள் பேசாமல் வைத்துவிட்டால், அன்று முழுக்க அது யாராக இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். "நீ பொலிசிலை சேர்ந்திருக்க வேண்டிய ஆள்" என்பார் என் மனுசன். சிரிக்கட்டும். அவருக்குத் தம்பி இல்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனான். போவதற்கு முந்தின இரண்டு மாதமும் அவனைப் போல ஒரு நல்ல பிள்ளையை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. தன் உடுப்பைத் தானே தோய்த்தான். பின்னேரங்களில் காணாமல் போய், களைத்து விழுந்து வருவான். எங்கே போனாய் என்றால் படிக்கப் போனேன் என்பான். வீட்டில் ஒருவரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். ஒரு நாள் போனவன் திரும்பி வரவேயில்லை.

அதனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஊரை விட்டு வந்து நாங்கள் இருந்த பார்க்டேல் அப்பார்ட்மென்றில், பதினேழு வயது மகன் "நீங்கள் களைச்சுப் போறியள் அம்மா, என்ரை உடுப்பை நானே தோய்க்கிறன்" என்று சொல்லிக் கூடையோடு கீழே போனபோது எனக்குத் தம்பிதான் நினைவுக்கு வந்தான். மிசிசாகாவில் பொதி கட்டும் வேலை முடிந்து வந்து, சமைத்து, தோய்த்து நான் களைப்பது உண்மைதான். ஆனால் அது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா?

அந்த நாட்களில் எங்கள் பெடியள் குழுக் குழுவாகப் பிரிந்து வாளோடும் மட்டையோடும் அடிபட்டுக் கொண்டிருந்தார்கள். இரண்டு தமிழ்த் தாய்மார் சந்தித்தால் அதுதான் கதை. பள்ளிக்கூடம் முடிந்து நூல்நிலையத்தில் கணக்கு வகுப்பு என்று இவன் சொல்லி ஒரு வருடம் கடந்திருந்தது. தோளில் நீலம், விலாவில் நீலம். கேட்டால் படியில் வழுக்கினேன் என்பான். ஒரு பிள்ளை எத்தனை தரம் படியில் வழுக்கும்?

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவன் குளிக்கும்போது புத்தகப் பையைத் திறந்தேன். செய்யக்கூடாததுதான். ஆனாலும் செய்தேன். உள்ளே கைமணிக்கட்டில் கட்டுகிற ஒரு கறுப்புப் பட்டி இருந்தது. அதில் பிளாஸ்ரிக்குக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. நீலம் இருபத்திநாலு, இடது பத்து, கழுகு மூன்று என்று வரிசையாக இரகசியச் சொற்கள். பட்டிக்குக் கீழே ஒரு கட்டுக் கடதாசி. ஒவ்வொன்றிலும் வட்டங்கள், புள்ளடிகள், அம்புக்குறிகள். யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. ஐந்து வட்டங்கள் வரிசையாகக் காவல் நிற்க, அவற்றுக்குப் பின்னால் ஒரு வட்டம். அதற்குள் என் மகனின் கையெழுத்தில் "நான்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ஊரில் முகாம் தாக்குதலுக்குப் படம் போட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன், தம்பியின் கொப்பியில். அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கியது. குழுவில் சேர்ந்தது மட்டுமில்லை, குழுவுக்குத் தலைவனே இவன்தான்.

கடதாசிகளை ஒன்றொன்றாகக் கிழித்துக் குப்பைக் குழாயில் போட்டேன். அன்று பின்னேரமே ரெலிபோன் அடித்தது. தடித்த குரலில் ஒரு வெள்ளைக்காரன். "சனிக்கிழமை ஒரு மணி என்று அவனுக்குச் சொல்லுங்கள். அவன் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்றுவிட்டு ரெலிபோனை வைத்தான். பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. நான் கணக்கு வாத்தியாருக்கு எடுத்தேன். "உங்கடை மகனோ? அவர் போன வருசம் செப்ரெம்பருக்குப் பிறகு வரேல்லையே அக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனை இருத்திக் கேட்டேன்.

"அம்மா, நான் பள்ளிக்கூடத்திலை புட்போல் விளையாடுறன். ஹெல்மெற் போட்டு விளையாடுறது, அமெரிக்கன் சனலிலை வாறது."

அதை நானும் கண்டிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி அளவு மனிதர்கள் ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துவார்கள். இவனோ ஊதினால் பறக்கிற ஆள்.

"உந்த உடம்பை வைச்சுக்கொண்டோ?"

"நான் இடிக்கிறேல்லை. நான் குவாட்டர்பேக். போன வருசம் முழுக்க மாற்று ஆளா வாங்கிலை இருந்தனான். இந்த வருசம்தான் இடம் கிடைச்சது. மற்றவங்கள் முன்னுக்கு நிண்டு என்னைக் காப்பாத்துவாங்கள், நான் பந்தைப் பாத்து எறியிறனான். நாளைக்கு ஃபைனல். எல்லைக்கு அங்காலை இருந்து ஒரு கொலிச் ஆள் என்னைப் பாக்க வாறார் அம்மா. பிடிச்சுதெண்டால் படிக்க இடம் தருவாங்கள்."

"விளையாட்டெண்டால் தாய் தேப்பன்ரை கையெழுத்துக் கேட்டிருப்பாங்களே. ஆர் வைச்சது?"

தலையைக் குனிந்தான். எனக்கு அது போதும்.

"ஒருக்கால் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்துக் கேப்பமே?" என்றார் மனுசன்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அங்கை ஆர் இருக்கிறது? பிள்ளை துலைஞ்சாப் பிறகு கேளுங்கோ" என்றேன்.

ஒரு மணித்தியாலத்தில் மூன்று பேரும் காரில் மொன்றியல் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம், மனுசனின் அக்கா வீட்டுக்கு. எனக்கு மச்சாள், அவனுக்கு மாமி. அஜக்ஸ் தாண்டும் வரை கெஞ்சினான். சனிக்கிழமை ஒரு மணிக்கு மாமி வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினான். நாலு மணிக்குத்தான் வெளியே வந்தான். நான் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மச்சாளோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். பள்ளிக்கூடம் முடிகிற நேரம் பார்த்துப் போனேன், அந்தக் குழு யார் யார் என்று அதிபரிடம் முறையிட. அலுவலகப் பெண் என் மகனின் பெயரைக் கேட்டதும் விளையாட்டு மண்டபத்துப் பக்கத்து அறை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே பத்துப் பதினைந்து பெடியள். கறுப்பன், வெள்ளை, சீனன், எல்லாரும் கதவளவு உயரம். நடுவில் என் மகன், கையில் ஒரு பெரிய வாழ்த்து மட்டை மாதிரி ஒன்று. தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். ரெலிபோனில் கேட்ட அதே தடித்த குரல். அவர்தான் கோச்.

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார்.

"என்ன இழப்பு?" என்று நான் கேட்டேன்.

"மொன்றியலில் உங்கள் மச்சாள் இறந்ததைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை காலை அங்கிருந்து இவன் போனில் சொன்னானே. நாங்கள் தோற்றது பெரிதில்லை. இவனைப் பார்க்க வந்த கொலிச் ஆளுக்கும் காரணத்தைச் சொன்னேன். வசந்தத்தில் திரும்ப வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்" என்றார் கோச்.

பொய் என்று ஒன்று காதில் விழுந்தால் எனக்குப் பொறுக்காது. நாக்கு என்னை முந்திக்கொண்டு ஓடியது. எனக்குத் தெரிந்த இங்கிலிசில், எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒருவரும் சாகவில்லை. இவன் பொய் சொல்லுகிறான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சுவரைப் பார்த்தேன். கரும்பலகையில் அதே வட்டங்கள், அதே புள்ளடிகள், அதே அம்புக்குறிகள். நான் கிழித்துப் போட்டது அவ்வளவும் அங்கே பெரிதாக நின்றது. அவன் கையிலிருந்தது அனுதாப மட்டை. எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். கடவுளே, என் பிள்ளை எனக்கு ஒரு சொல்லும் பொய் சொல்லியிருக்கவில்லை அந்த வெள்ளிக்கிழமை.

உண்மையா என்று கோச் அவனைக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினான். நான் அவசரப்பட்டு, என்னுடைய பிழை, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், நான் இவனைக் குழுச் சண்டைக்காரன் என்று நினைத்தேன் என்று சொல்லச் சொல்ல, பெடியள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அவனுக்கு முன்னால் காவல் நின்ற ஐந்து பேரும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள். அந்தக் கொலிச் ஆளிடம் நான் இந்தப் பொய்யை மறைத்து வைத்துக்கொண்டிருக்க முடியாது என்றார் கோச், மிகவும் மரியாதையாக.

வசந்தத்தில் ஒருவரும் வரவில்லை. அடுத்த செப்ரெம்பரில் அவன் மைதானப் பக்கமே போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கேட்டேன், அதுதானே என் புத்தி.

"மாமி செத்துப்போனா எண்டு ஏன்ரா சொன்னனீ? நடந்ததைச் சொல்லியிருக்கலாமே."

அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நடந்ததைச் சொன்னால் அவங்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பாங்கள் அம்மா?"

எங்கள் தரிப்புக்கு இன்னும் இரண்டு இருக்கும்போதே எழும்பி மணியை இழுத்தான். இறங்கி, எங்கள் வீடு இல்லாத பக்கமாக நடந்து போனான். எங்கே போகிறாய் என்று வாய் வரை வந்தது. நான் கேட்கவில்லை.