குச்சி மரங்கள்

குழந்தை இல்லாத குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு என் தங்கை தெருவில் போகிறாள். உள்ளே ஒரு மாவு மூட்டை, பெல்ட் போட்டுச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. நடைபாதை உடைந்த இடத்தில் சக்கரம் சிக்கினால் நின்று, போட்டோ எடுத்து, சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுத்தான் நகர்வாள். "குழந்தை எங்கேம்மா?" என்று கேட்டால், "மொதல்ல ரோடு பொறக்கட்டும் ஆன்ட்டி, குழந்தை அப்புறம்" என்பாள். கல்யாணமாகாத பெண் பேசுகிற பேச்சா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வண்டி என் மகனுடையது. என்னைக் கேட்டெல்லாம் எடுக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பது, நீரும் நிழலும் நடக்க இடமும் கெடாமல் ஒரு குடியிருப்பு நெடுநாள் வாழத் திட்டமிடும் படிப்பு. அப்பா அதைச் சொந்தக்காரர்களிடம் "பார்க்குல பெஞ்ச் போடுற படிப்பு" என்று சுருக்கிவிட்டார். "எங்க போடணும்னு தெரியாமத்தாம்பா எல்லாரும் நின்னுட்டிருக்காங்க" என்றாள் இவள். வாய் நீளம்தான். வேலையும் அதே நீளம்.

எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு காலியிடம் கிடக்கிறது. கார் நிறுத்த சிமென்ட் தளம் போடலாம் என்று ஒரு கட்சி, பூங்கா வேண்டும் என்று இவள் கட்சி. முடிவு குடியிருப்போர் கூட்டத்தில். "என் ஓட்டு காருக்குத்தான்" என்று அப்பா வீட்டிலேயே அறிவித்துவிட்டார். அவர் பார்த்துப் பார்த்துத் துடைக்கும் கார் வருடக்கணக்காக அங்கேதான் நிற்கிறது.

அட்டையில் பூங்காவின் மாதிரியைச் செய்தாள். பச்சைப் பஞ்சு மரங்கள், அடியில் பெஞ்சுகள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம், மடக்கு நாற்காலியோடு போய், பெஞ்ச் வரப்போகும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முகம் சிவந்து திரும்பினாள்.

"அக்கா, நான் வச்சதெல்லாம் இருபது வருஷத்து மரம். அது வளர்ற வரைக்கும் ஜனங்க வெயில்ல காயணுமா?"

பஞ்சு மரங்களையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தீக்குச்சி உயரத்தில் கன்றுகளை நட்டாள். பெஞ்சுகளைப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் ஓரத்துக்குத் தூக்கிப் போட்டாள். நாளைக்கு ஓட்டெடுப்பு, இவள் தன் கையாலேயே அழகைக் கெடுத்துக்கொள்கிறாளே என்றிருந்தது எனக்கு.

"என்னம்மா, மொட்டையா இருக்கு?" என்றார் கூட்டத்தில் செயலாளர்.

"முதல் வருஷம் இப்படித்தான் சார் இருக்கும். தண்ணி ஊத்தினா வளரும். பெரிய மரத்தைக் காட்டி ஏமாத்தி ஓட்டு வாங்க எனக்கு இஷ்டமில்ல."

குரல் துளியும் நடுங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், அவர் கேட்காமலேயே, "என் தங்கச்சி" என்றேன்.

பூங்கா வேண்டுபவர்களைக் கை தூக்கச் சொன்னார் செயலாளர். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. அப்பா விருட்டென்று எழுந்து வெளியே போனார். கோபம் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பாவின் கார் காலியிடத்திலிருந்து மெல்லப் பின்னால் வந்து, வளைந்து, தெருவோரம் போய் நின்றது. செயலாளர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க உள்ளே வந்த அப்பா, உட்காராமல், கார் சாவியோடு கையை உயர்த்தினார்.