ஏழு மாலைக்கு ஒரு பிள்ளை

தரம் ஒன்றுக்கு ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று அதிபர் சொல்லியிருந்தார். கிளிவெட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளிக்கூடம். தரம் ஒன்றின் ஆசிரியை நான். விடுமுறை முழுக்க வீடு வீடாக அலைந்தேன். கல்லில் நார் உரித்த கதைதான். ஒரு வீட்டில் தகப்பன் கட்டாரில், ஒன்றோடு போதுமாம். இன்னொரு வீட்டில் கலியாணமாகி ஐந்து வருடம், பிள்ளை பிறகு பார்க்கலாமாம். இவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். நான் மேல்வகுப்புக்குப் படிப்பித்த காலத்தில், சனத்தொகை பெருகினால் சோற்றுக்கும் வழியிராது என்று அவர்களைக் கட்டுரை எழுத வைத்தவளும் நான்தான். நல்லாய்த்தான் படித்திருக்கிறார்கள்!

“உலகம் முழுக்க இப்பிடித்தான் டீச்சர். ஜப்பானில பிள்ளையள் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடுறாங்களாம். இனி எல்லா இடமும் சனம் குறையத்தான் போகுதாம்” என்றார் அதிபர், பின்னேரம் மழை வரும் என்று சொல்வதுபோல.

“அப்ப நான் ஆருக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கிறது சேர், கதிரையளுக்கோ?” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கடைசியில் ஒரு தாய் ஓம் என்றாள். ஒரேயொரு மகள். “ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர். டவுனிலயும் கிடையாது” என்று நான் அளந்த அளப்பில் மயங்கிவிட்டாள்.

முதல் நாள் கால்கோள் விழா. தரம் இரண்டுப் பிள்ளைகள்தான் புதுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு உள்ளே கூட்டி வருவது வழக்கம். ஒவ்வொரு வருடமும் சொல்கிற பழக்கத்தில், “ஆளுக்கொரு மாலை கட்டிக்கொண்டு வாங்கோ” என்று நான் சொல்லிவிட்டேன். தரம் இரண்டில் ஏழு பேர். ஏழு தாய்மாரும் செவ்வரத்தம்பூவில் தடித்த மாலையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். தன் மாலையை விட்டுக்கொடுக்க ஒருத்தரும் தயாரில்லை. ஏழும் அந்த ஒரு கழுத்தில் விழுந்தன. பூவுக்குள் கண் மட்டும் தெரிய, பிள்ளை “அம்மா!” என்று வீரிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

மூன்று கிழமை ஒழுங்காக வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் தினமும் ஒரே கேள்வி: “மற்றப் பிள்ளையள் எப்ப வருவினம்?”

“நாளைக்கு” என்பேன். பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

நான்காம் கிழமை தாய் வாசலில் நின்றாள். “கோவிக்காதேங்கோ டீச்சர். வீட்டிலயும் தனிய, இங்கயும் தனிய. பிள்ளை சுவரோட கதைக்குது. மூதூரில ஒரு பள்ளிக்கூடத்தில இடம் தாறாங்களாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒன்றைப் பெற்றால் என்னடி என்று கேட்க வாய் உன்னியது. லண்டனில் இருக்கிற என் மகளிடமே அதைக் கேட்க ஏலாதவள் நான். போன முறை கேட்டபோது போனை வைத்துவிட்டாள். போய் அதிபரிடம் சொல்லி விடுகைப் பத்திரத்தை எழுதுவித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிள்ளை புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, வெறும் மேசைகளை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அப்ப நாளைக்கு நீங்கள் ஆரோட இருப்பீங்கள் டீச்சர்?”