ஏழாவது ஆளாகத் திருச்சுழிக்கு

1987, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டேகால் மணி. பாளையம்பட்டியில் ஓர் அம்பாசிடர் காரில் ஏறினேன் என்று எழுதினால் அது பொய். ஏற்றி அடைக்கப்பட்டேன். முன்சீட்டில் ஓட்டுநரோடு மூன்று பேர், பின்சீட்டில் ஐந்து பேர். என் மடியில் வீட்டுக்கார அம்மாவின் தாம்பூலப் பை.

மலேசியாவின் கிள்ளானில் தற்காலிக ஆசிரியையாக இருந்த நான், எங்கள் சபையின் ஏற்பாட்டில் ஒரு வருடம் ஆங்கிலம் கற்பிக்க அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிக்கு வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து அக்காள் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்விதான் இருக்கும்: அங்கே யாரோடு பழகுகிறாய்? பல்லிகளோடு என்று எழுத மானம் இடம் தரவில்லை. வாரநாட்களில் ஊரே என்னை நிறுத்திப் பேசும். என்ன வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சங்கிலி எத்தனை பவுன், மலேசியாவில் கத்தரிக்காய் காய்க்குமா? ஆனால் வீட்டுக்கு வா, ஒருவாய் சாப்பிடு என்று ஒருவரும் சொன்னதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து பத்தரைக்கு மாடி அறைக்குத் திரும்பினால், திங்கள் காலை வரை வாய் திறக்க வேலை இருக்காது.

அதனால் அன்று காலை, வீட்டுக்கார அம்மாவான கீழ்வீட்டு பாக்கியம் அக்கா கதவைத் தட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவர்களுடையது.

"சும்மாதான இருக்கீக டீச்சர்? திருச்சுழி வரைக்கும் வாங்க. எங்க மகன் சேகருக்குப் பொண்ணு பாக்கப் போறோம். ஆறு பேரா இருக்கோம், ரெட்டைப்படை ஆகாது. நீங்க வந்தா ஏழு."

"டிரைவரைச் சேர்த்தால் ஏழுதானே அக்கா?"

"அவரு கணக்குல வர மாட்டாரு."

கணக்கில் வருகிறேன் என்பதே எனக்குப் பெரிய கௌரவம். மதியச் சாப்பாட்டையும் மறந்து பட்டுச்சேலையைக் கட்டினேன்.

இரண்டு நாற்பது. திருச்சுழி சாலை. தூரம் பதினாறு கிலோமீட்டர் என்று ஓட்டுநர் முனியாண்டி அண்ணன் சொன்னார். காரின் மீட்டர் என்ன சொன்னதென்று தெரியாது, அது நின்று பல காலம். இருபுறமும் சீமைக்கருவேல முள், நடுநடுவே புகையும் கரிமூட்டம், கொஞ்சம் பருத்தி. ஓரிடத்தில் கண்மாய் என்று காட்டினார்கள். அதில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் மழை பெய்யும் என்று வாயைவிட்டேன். கார் முழுக்க என் பக்கம் திரும்பியது.

"யம்மா, அந்த மழைய ஒரு வாரத்துக்கு இங்கிட்டு அனுப்பி விடுங்க, புண்ணியமாப் போகும்," என்றார் முனியாண்டி அண்ணன்.

அப்போதுதான் பாக்கியம் அக்கா என் காதருகே குனிந்தார். "பொண்ணு இங்கிலீஷு பி.ஏ.ன்னு சொல்றாக. நெசமாவே பேசுமான்னு நீங்கதான் பேசிப் பாத்துச் சொல்லணும். நாலரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள முடிச்சிரணும். இன்னொண்ணு, பேசி முடியாத வீட்ல கை நனைக்கக் கூடாது. சோறு சாப்பிடுங்கன்னு கெஞ்சுவாக, அசந்துறாதீக. காப்பி, காராச்சேவோட நிறுத்திக்கிரணும்."

ஒற்றைப்படைக்காக வந்தவள் வழியிலேயே பரீட்சை அதிகாரியாகிவிட்டேன். அதுவும் வெறும் வயிற்றோடு.

மூன்று ஐந்து. திருச்சுழி. பெண்ணின் அப்பாவுக்கு உரக்கடை. கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அடுக்களையிலிருந்து வந்த புளிக்குழம்பு வாசம் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா மூன்று முறை சாப்பிடச் சொன்னார். ஏழு பேரும் ஒரே குரலில் வயிறு நிறைந்திருப்பதாகப் பொய் சொன்னோம். பிறகு பெண், திலகா, வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வார்த்தை கேளுங்க டீச்சர்," என்றார் பாக்கியம் அக்கா.

என்ன படித்தாய், எது பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் குனிந்த தலை நிமிராமல், சாமி பாட்டுப் பாடுகிற குரலில், அட்சர சுத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"மிஸ், முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேளுங்கள். இங்கே வேறு யாருக்கும் இது புரியாது. மதுரையில் எனக்கு பி.எட். இடம் கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இன்றைக்குப் பூ வைத்துவிட்டால் அப்பா என்னை அனுப்ப மாட்டார். தயவுசெய்து என்னை ஃபெயில் ஆக்கிவிடுங்கள்."

கையிலிருந்த காராச்சேவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காலையில்தான் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு மணி நேரப் பிரசங்கம் கேட்டிருந்தேன். ஆனாலும் அந்தப் பெண் தன் முந்தானை நுனியை முறுக்கிய முறுக்கைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன டீச்சர், தேறுமா?" என்று காதோடு கேட்டார் பாக்கியம் அக்கா.

"ஊஹூம்," என்றேன் மெதுவாக. "ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வரவில்லை அக்கா."

பாக்கியம் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! வயித்துல பாலை வாத்தீக! எங்க சேகரு பத்தாவதுல ரெண்டு தடவை எழுதியும் இங்கிலீஷுல போயிருச்சு. வாரவ அவனைவிட ஒசத்தியாப் பேசுனா வீடு வெளங்குமா? இந்தப் பிள்ளைதான் தோது. நாலரைக்கு முந்திப் பூ வச்சிருவோம்," என்று என் காதுக்குள் சொல்லி, என் மடியிலிருந்த பைக்குள் கைவிட்டார். உள்ளே மல்லிகைப்பூச் சரம்.

அடி பாவி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதே! கெடுத்ததும் நான்தான், நாலு மணியும் தாண்டிவிட்டது. பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒரேயொரு கேள்வி பாக்கி. மலேசியாவில் இரண்டு தடவை கேட்டால்தான் செல்லும்."

திலகாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "நான் தப்புப் பண்ணிவிட்டேன். இவர்களுக்கு வேண்டியது ஃபெயில் ஆனவள்தான். பேசு! எதையாவது பேசு, நிறுத்தாதே!"

கெட்டிக்காரி. ஒரு கணம்தான் விழித்தாள். தலையை நிமிர்த்தி ஆரம்பித்தாளே பார்க்கலாம். காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போகும் பஸ்களின் நேரம், யூரியா மூட்டையை அடுக்கும் விதம், அப்பாவின் குறட்டை, மாப்பிள்ளை சட்டையில் இரண்டாவது பட்டன் போடாமல் இருப்பது, எல்லாவற்றையும் மேடைப் பேச்சாளர் மாதிரி கையை வீசி ஐந்து நிமிடம் பொழிந்தாள். சேகர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அவள் அப்பா பெருமை தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாவம்.

"என்ன டீச்சர் இது?" என்றார் பாக்கியம் அக்கா, குரல் இறங்கி.

"பயத்தில் முதலில் வரவில்லை போலிருக்கிறது. என்னைவிட நன்றாகப் பேசுகிறாள் அக்கா." இதில் பொய்யே கிடையாது.

நான்கு இருபது. பாக்கியம் அக்கா எழுந்தார். "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்."

பதினாறு கிலோமீட்டருக்குக் கடுதாசி எதற்கு? அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். வந்து இரண்டரை மாதமே ஆன எனக்கே அது தெரிந்தது. திலகாவின் அம்மா வாசலில் நின்று எங்களையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் யாரும் என்னோடு பேசவில்லை. ரெட்டியபட்டியில் யார் புஞ்சையில் மழை பெய்தது என்று முனியாண்டி அண்ணன் மட்டும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பாளையம்பட்டியில் இறங்கும்போது சேகர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பட்டனைப் பத்தித்தான சொல்லுச்சு அது?"

பார்த்தேன். இரண்டாவது பட்டன் போட்டிருந்தது.

"மதுரைன்னும் சொல்லுச்சு. பி.எட்.டுன்னும் சொல்லுச்சு. மொதத் தடவையே காதுல விழுந்துச்சு டீச்சர். அம்மாகிட்டச் சொல்லிறாதீக," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர்!

அடுத்த ஞாயிறு வேறு இடத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். பட்டுச்சேலையோடு படியில் நின்றேன். "நீங்க வர வேணாம் டீச்சர்," என்றார் பாக்கியம் அக்கா. "ஆளு ஒத்தைப்படையாத்தான் இருக்கு." எண்ணிப் பார்த்தேன், டிரைவர் போக எட்டுப் பேர். மறுபடியும் பல்லிகள்தான் என்று மாடிக்குப் போனேன். அழுகையும் வந்தது, மறைப்பானேன்.

ஐப்பசியில் திருச்சுழியிலிருந்து ஒரு கார்டு வந்தது. திலகா மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாளாம், நான் கட்டாயம் வர வேண்டுமாம். பஸ்ஸில் ஒரு ரூபாய் எண்பது காசு கொடுத்து, உட்கார இடத்தோடு போனேன். நடையிலேயே அவள் அம்மா செம்போடு நின்றார்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் என்னமோ சதி பண்ணுனீக. என்னன்னுதான் எனக்குப் புரியலை."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திலகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப எம்மக பாஸா, ஃபெயிலா?"

"இரண்டும்தான் அம்மா."

"இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டு, பசியோட போனீகளாக்கும்? கையை நீட்டுங்க," என்று தண்ணீர் ஊற்றினார். இலையில் அதே புளிக்குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கிள்ளானில் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து சட்டியைத் திறந்து பார்க்கலாம். அதனாலோ என்னவோ, அது பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. திரும்பும் பஸ்ஸில், குலுங்கும் எழுத்தில், அக்காளின் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் எழுதினேன்: இங்கே எனக்குக் கை நனைக்க ஒரு வீடு இருக்கிறது.