பதினேழாவது காரின் பூட்டு

இத்தாலியில், மோதெனா நகருக்கு வெளியே எங்கள் தொழிற்சாலையில் அந்த வகைக் கார் மொத்தமே அறுபத்துமூன்றுதான். முதுகில் எட்டு சிலிண்டர் எஞ்சின், முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்மோட்டார், இருக்கைகளுக்குப் பின்னால் எண்ணூறு வோல்ட் பேட்டரி. இத்தனையும் செய்யத் தெரிந்த எங்களுக்குப் பதினேழு என்று எண்ண மட்டும் தைரியம் வரவில்லை. இத்தாலியர்களுக்கு அது ஆகாத எண். எங்கள் கேன்டீனில்கூடப் பதினேழாம் மேஜை கிடையாது. எனவே பதினாறுக்கு அடுத்த காருக்கு ‘16 பிஸ்’ என்று பெயர். பிஸ் என்றால் இன்னொரு தடவை. கச்சேரி முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கத்துகிற வார்த்தை. காற்றின் போக்கை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்த இன்ஜினியர்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

தப்பித்தவறி அந்த எண் காதில் விழுந்தால் இரும்பைத் தொட வேண்டும். காரோ முழுக்கக் கார்பன் இழை, மிச்சம் அலுமினியம். ஆகவே ஆளாளுக்குச் சட்டைப் பையில் ஒரு துண்டு இரும்பு. வயரிங் பிரிவு எர்மெஸ் கவட்சூத்தியிடம் இருந்தது துருப்பிடித்த பழைய சாவி.

“பக்கத்துல அவ்வளவு ஸ்பானர் கிடக்குதே, அதைத் தொடேன்” என்று லொரெத்தா ஒருமுறை கேட்டார்.

“அது கம்பெனி இரும்பும்மா. அதுல வர்ற அதிர்ஷ்டம் கம்பெனிக்குத்தான் போகும்.”

லொரெத்தா மலகோலியின் வேலை, கார்களைத் தூங்க வைப்பது. பேட்டரியின் இணைப்புச் செருகியைப் பிடுங்கி, அந்த இடத்தில் தன் சிவப்புப் பூட்டைத் தொங்கவிடுவார். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருப்பார். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் பலகையில் காரின் எண்ணை எழுதுவார். பிறகே மற்றவர்கள் வெறுங்கையால் தொடலாம். பூட்டின் சாவி அவர் கழுத்தில். முதலாளியே வந்து நின்றாலும் அந்தப் பூட்டை வேறு யாரும் திறக்கக் கூடாது.

இதற்கு முன் பத்தொன்பது வருடம் பக்கத்து ஊர் சஸ்ஸுவோலோவின் ஓட்டுச் சூளைகளில் எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு காலை, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே இருந்தவர் வீடு திரும்பவில்லை. அன்று முதல் லொரெத்தா மனிதர்களை நேசித்தார், பூட்டை நம்பினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 16 பிஸ்ஸைத் தூங்க வைத்தார். பலகையில் சரியாகவே எழுதினார். ஆனால் எர்மெஸ் பலகையைப் பார்க்கவில்லை. காப்பி மெஷின் அருகே லொரெத்தாவிடமே கேட்டார்.

“பதினாறு தூங்குதா?”

“தூங்குது.”

பேச்சில் யாரும் பிஸ் சேர்ப்பதில்லை. இரண்டுமே பதினாறுதான்.

காப்பியை முடித்துத் திரும்பியபோது லொரெத்தா பார்த்தார்: எர்மெஸ் குனிந்திருந்தது பக்கத்துக் காரின் மேல். அசல் பதினாறு. அது விழித்திருந்தது. பெட்ரோல் மட்டும் குடிக்கிற காராக இருந்தால் உறுமிக் காட்டியிருக்கும். இது செத்ததுபோலக் கிடந்தது. மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே அறுபடும் ஏற்பாடு உண்டு. சோதனைக்காக அன்று அதையும் முடக்கி வைத்திருந்தார்கள். இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவே விழுந்த வாஷரை எடுக்க எர்மெஸ் வெறுங்கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இருபதடி தூரம். “நிறுத்து” என்று கத்தினால் நிற்க மாட்டார். லொரெத்தா நாளுக்கு முப்பது தடவை கத்துகிற வார்த்தை அது. எர்மெஸுக்கு அது வணக்கம் மாதிரி.

“எர்மெஸ்! பதினேழு! நான் தூங்க வச்சது பதினேழு!”

கூடமே அதிர்ந்தது. எர்மெஸின் கை, அவரைக் கேட்காமலே, சட்டைப் பைக்குப் பாய்ந்தது.

“வாயக் கழுவும்மா! எதுக்கு அந்த நம்பரச் சொல்ற?”

லொரெத்தா வந்து, கையுறை மாட்டி, மீட்டரின் இரு முனைகளையும் வைத்தார். எழுநூற்றுத் தொண்ணூற்றொரு வோல்ட். எர்மெஸ் சாவியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். அன்று கேன்டீனில் சூப்பில் மிதந்த தொர்த்தெல்லீனிக் குட்டிக் கொழுக்கட்டைகளை யாரும் தொடவில்லை.

மறுநாள் பிரிவுத் தலைவர் வந்தெல்லி லொரெத்தாவைக் கூப்பிட்டார். “பாத்தியா? பேரு மாத்தியும் அந்த நம்பர் சும்மா விடல.”

“நம்பர் ஒண்ணும் பண்ணல, இன்ஜினியரே. ‘தூங்குது’ன்னு சொன்னது நான். அந்த ஆள் செத்திருந்தா என் வாயாலதான் செத்திருப்பான். அந்தக் காருக்குப் பதினேழுன்னு பேர் வைங்க.”

“வாங்குறவன் ஓடிருவான்மா.”

“அப்போ நான் பூட்டு மாட்ட மாட்டேன்.”

பூட்டு இல்லாமல் வேலை நடக்காது. இரண்டு நாள் 16 பிஸ்ஸை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் லொரெத்தாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் பூட்டொன்றில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாக 17 என்று எழுதி, அந்தக் காரில் தொங்கவிட்டார். பூட்டு அவருடையது, வந்தெல்லியால் கழற்ற முடியாது.

விற்பனைக் காகிதத்தில் அந்தக் கார் 16 பிஸ். தூங்கும்போது மட்டும் பதினேழு. அதைக் கடந்து போகிற ஒவ்வொருவர் கையும் பைக்குள் போனது. எர்மெஸ் மட்டும் பைக்குள் கை விடுவதில்லை. நின்று, அந்தப் பூட்டையே தொட்டுவிட்டுப் போவார்.

“அது கம்பெனி இரும்பாச்சே?” என்றோம்.

“இல்ல,” என்றார். “லொரெத்தாவோடது.”