பிள்ளைக்கென்று மடித்து வைத்த வேட்டிகள்

முதலில் துணியில்தான் பார்த்தேன். பிள்ளை பிறந்து ஏழாம் நாள் காலை, அவனுக்கு அடியில் போட்டிருந்த வெள்ளைத் துணியை மாற்றும்போது, மூத்திரம் பட்ட இடம் கடுங்காப்பி சிந்தியதுபோல் இருந்தது. கறை என்றால் எனக்கு ஆகாது. துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கி, கொடியில் உலர்த்திவிட்டுத்தான் பிள்ளையிடம் வந்தேன். அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இப்போது ஒரு பச்சைப்பிள்ளை இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பேட்டையில் எங்கள் தெருவில் எனக்குச் ‘சுத்தக்காரி’ என்று பெயர். பாதி மெச்சல், பாதி கேலி. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையிலிருந்து வந்தால் எண்ணெய்க் கையோடு கதவைத் தொடக்கூடாது. வாசலில் வாளியும் சோப்பும் இருக்கும். சுத்தம் சோறு போடும் என்பதை அப்படியே நம்பினவள் நான்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் சுற்றுவோம். பிள்ளை வயிற்றிலிருந்த ஐந்தாம் மாதத்திலேயே வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைக் கொதிநீரில் போட்டு அலசி, சதுரம் சதுரமாகக் கிழித்து, தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று மடிப்புக்கு ஒரு பாச்சை உருண்டை (துணிப்பெட்டியில் போடும் வெள்ளை அந்துருண்டை) வைத்தேன். மிச்ச உருண்டைகளை எங்கள் துணி இருக்கும் பீரோவில் போட்டேன். பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்த மைனி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரி தோத்துப் போகும்ட்டி” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் துணியில்தான் அவனைச் சுற்றினோம். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது ஊரறிந்த விஷயம். “காலை வெயில்ல காட்டு, சரியாப் போவும்” என்றாள் மைனி. காட்டினேன். மத்தியானம் அவன் பால் குடிக்கவில்லை. வாயில் வைத்ததும் தூங்கிப்போனான். உள்ளங்காலைச் சுண்டினேன், அழவில்லை. உதடு வெளுத்திருந்தது.

“மைனி, குடிக்க மாட்டுக்கான்” என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். உடனே எழுந்து, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பட்டறைக்குப் போன் செய்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை அவன் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தேன்.

டாக்டரம்மா அவன் நெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். மூத்திரம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். சொன்னேன். ஸ்டெதாஸ்கோப் வைக்கக் குனிந்தவர், சட்டென்று துணியின் நுனியை எடுத்து மோந்து பார்த்தார்.

“இந்தத் துணிய எதுல வச்சிருந்திய?”

“பெட்டியிலம்மா. கொதிதண்ணியில அலசி, பாச்சை உருண்டை போட்டு, சுத்தமா...”

“எடுங்க! மொதல்ல இதைப் பிள்ளை மேலேருந்து எடுங்க!”

நர்ஸ் துணியை உருவினாள். அவனைத் தூக்க நான் கையை நீட்டினேன். டாக்டரம்மா தடுத்தார். “உங்க சேலையிலயும் அதே வாசம் அடிக்கு. குளிச்சு மாத்திட்டு வாங்க. அதுவரைக்கும் பிள்ளையத் தொடாதிய.”

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போன வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். “வீட்ல உள்ள துணி பூரா அந்த வாசந்தாம்ட்டி” என்று சொல்லி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கட்டிலில் பேரப்பிள்ளையை வைத்திருந்த மேலப்பாளையத்து அம்மா ஒருவர் தன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினார். “இதக் கட்டிக்கிடும்மா. சோப்பு வாசம் மட்டுந்தான் இருக்கும்.” அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் என் பிள்ளையைத் தொட்டேன்.

சிலருடைய ரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்கள் உடையாமல் காக்கும் ஒரு நொதி) குறைவாக இருக்குமாம். அவர்களுக்குப் பாச்சை உருண்டையின் ஆவி மூச்சிலும் தோலிலும் ஏறினால் சிவப்பணுக்கள் உடைந்து போகும். உடைந்ததெல்லாம் பிலிருபினாக (ரத்தத்தில் சேரும் மஞ்சள் பொருள்) மாறும். அளவு மீறினால் அது மூளைக்குப் போகும். இவ்வளவையும் டாக்டரம்மா சொல்லிவிட்டு, ரத்தம் மாற்ற வேண்டும் என்றார். தொப்புள் வழியாகக் கொஞ்சம் எடுப்பது, வேறு ரத்தம் கொஞ்சம் ஏற்றுவது. ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பில் அப்படி எத்தனை தடவை செய்தார்கள் என்று நான் எண்ணவில்லை. பிறகு கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் போட்டார்கள்.

பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, “உசுருக்கு இனி பயமில்ல. மூளையில எதும் பட்டிருக்கக் கூடாது. கழுத்து நிக்குதா, காது கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க” என்றார்.

நான் போவதற்குள் மைனியும் வீட்டுக்காரரும் எல்லாத் துணியையும் துவைத்து வெயிலில் போட்டு, பெட்டியையும் பீரோவையும் கழுவிக் காய வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உருண்டை கிடையாது. பெட்டியை மாதம் ஒரு தடவை வெயிலில் கவிழ்க்கிறேன். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுகிறேன். ஒன்றிரண்டு சேலையைப் பூச்சி அரித்தது. அரித்துவிட்டுப் போகட்டும். பிள்ளை பிறக்கப்போகிற வீடு எதுவென்று தெரிந்தால் முதலில் போய் அவர்கள் துணிப்பெட்டியில் உருண்டை கிடக்கிறதா என்றுதான் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு மதுரையிலிருந்து வந்தது. குறை இருப்பது உறுதி. ஆண்பிள்ளைக்கு இது தாயிடமிருந்துதான் வரும் என்றார் டாக்டரம்மா. உருண்டையை வைத்ததும் நான், குறையைக் கொடுத்ததும் நான். உங்கள் தப்பு இல்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அது என் மண்டையில் ஏறவேயில்லை. எனக்கு ஒரு நோவும் கிடையாது, ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவள் இல்லை. இந்த உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கழுத்து நின்றது. குப்புற விழுந்தான். முகம் பார்த்துச் சிரித்தான். எங்கள் தெருவில் நாள் முழுக்கத் தகரம் அடிக்கிற சத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்குத் தூக்கிவாரிப்போட்டு அழும். இவன் அசையமாட்டான். “என் மவன்லா! பட்டறைச் சத்தத்துலயும் எப்படித் தூங்குதான் பாரு” என்று வீட்டுக்காரர் பூரித்துப் போவார். நல்ல பிள்ளை, தொந்தரவில்லாத பிள்ளை என்று வருகிறவர்களும் மெச்சினார்கள். அவர்கள் மெச்ச மெச்ச, காது கேட்கிறதா என்று பார்க்கச் சொன்ன டாக்டரம்மாவின் பேச்சுதான் எனக்கு நினைவுக்கு வரும். சோதித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு மாதத்தை ஓட்டினேன்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். மறுபடியும் அடித்தேன். தட்டு நெளிந்தது. பிள்ளையைப் பார்க்க வந்திருந்த மைனி ஓடிவந்து கதவைத் தட்டினாள். அவன் திரும்பவில்லை.

இப்போது அவனுக்கு நாலு வயது. ஓடுகிறான், சேட்டை செய்கிறான், சைகையில் என்னை அதட்டுகிறான். அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலிருந்து முதலில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். பிறகுதான் எழுந்து போகிறேன்.